எடை குறைந்தது, தோல் தொங்குகிறது: அறுவைச் சிகிச்சை தேவையா?

உடல் எடையை எப்படிக் குறைப்பது என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. குறைத்த பிறகு உடம்பு எப்படி இருக்கும் என்று சொல்லுபவர்கள்தான் குறைவு. 110 கிலோ இருந்த ஒருவர் பாடுபட்டு 65 கிலோவுக்கு வருகிறார். இனிப்பு நீர் கட்டுக்குள் வருகிறது. முழங்கால் வலி விடுகிறது. மூச்சு வாங்காமல் படியேற முடிகிறது. ஆனால் குளியலறையில் சட்டையைக் கழற்றினால், வயிற்றுத் தோல் மடிந்து தொடை வரை தொங்குகிறது. மேல்கையின் அடிப்பக்கம், தொடையின் உட்பக்கம், மார்பு எல்லாம் காற்றுப் போன பலூன் போல் தளர்ந்து கிடக்கின்றன. இத்தனை கஷ்டமும் இதற்குத்தானா என்று மனம் உடைந்து போகிறது.

இந்தத் தோலை அறுத்து எடுக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்ற கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது. வெட்கத்தினால் பலர் வாய் திறப்பதில்லை. விளம்பரத்தை நம்பிச் சிலர் அவசரப்படுகிறார்கள். இரண்டுமே நல்லதல்ல. விவரம் தெரிந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

இது நம்மவர் பிரச்சினையும்கூட

சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, 2019-இல் மலேசியாவில் வளர்ந்தவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். 2023-இல் அது 54.4 விழுக்காடாக ஏறியது. 2019 ஆய்வில் இன வாரியாகப் பார்த்தபோது முதலிடத்தில் இருந்தவர்கள் இந்தியர்கள்தான்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துப் பழகிய இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில்தான் தென்னமாரம் தோட்டம் இருக்கிறது. 1917-இல் நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் அங்கேதான் உருவானது. அங்கும் ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், உலு சிலாங்கூர் பகுதித் தோட்டங்களிலும் நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன் எழுந்து நிரை நிரையாக நடந்து பால் வெட்டினார்கள். செம்பனைக் குலைகளைச் சுமந்தார்கள். அவர்கள் சாப்பிட்ட சோறு உடம்பில் தங்க வழியில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தொழிற்சாலையில் நின்றும், பாதுகாவலர் நாற்காலியில் உட்கார்ந்தும், லாரி ஓட்டியும் பிழைக்கிறார்கள். வேலை மாறியது, தட்டில் விழும் சோற்றின் அளவு மாறவில்லை. அதனுடன் இனிப்பான தே தாரிக்கும் மைலோவும் சேர்ந்துகொண்டன.

எடையைக் குறைக்கும் வழிகளும் இப்போது பெருகிவிட்டன. இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை ஒருபுறம். வாரம் ஒருமுறை போடும் ஊசி மருந்துகள் மறுபுறம். செமாகுளூட்டைட் மருந்தால் சராசரியாக உடல் எடையில் சுமார் 15 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வும், திர்செபட்டைட் மருந்தின் உயர்ந்த அளவால் சுமார் 20 விழுக்காடு குறைந்ததாக 2022-இல் வெளியான ஆய்வும் காட்டின. எடை வேகமாகவும் அதிகமாகவும் இறங்க இறங்க, தொங்கும் தோலோடு நிற்பவர்களின் எண்ணிக்கையும் கூடத்தான் செய்யும்.

தோல் ஏன் சுருங்குவதில்லை?

தோலுக்கு உறுதி கொடுப்பது கொலாஜன் என்ற நார். இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வைப்பது எலாஸ்டின் என்ற நார். புதிய ரப்பர் வளையத்தை இழுத்துவிட்டால் சட்டென்று சுருங்கும். அதையே பத்து வருடம் இழுத்துக் கட்டி வைத்துவிட்டு அவிழ்த்தால் தொளதொளவென்று கிடக்கும். தோலிலும் நடப்பது இதுதான். வருடக்கணக்கில் விரிந்திருந்த தோலில் இந்த நார்கள் அறுந்தும் மெலிந்தும் போகின்றன. உள்ளே இருந்த கொழுப்பு கரைந்தாலும் உறை சிறிதாவதில்லை.

எல்லாருக்கும் ஒரே அளவில் இது வராது. வயது, எத்தனை வருடம் பருமனாக இருந்தார், எத்தனை கிலோ குறைந்தார், எத்தனை முறை கருவுற்றார், புகைபிடிப்பவரா, வெயிலில் அதிகம் வேலை செய்தவரா, பரம்பரை எப்படி என்பதையெல்லாம் பொறுத்தது. இருபது வயதில் 15 கிலோ குறைத்தவருக்குத் தோல் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். நாற்பத்தைந்தில் 45 கிலோ குறைத்தவருக்கு அப்படி எதிர்பார்க்க முடியாது.

களிம்பு, எண்ணெய், மூலிகைப் பூச்சு, இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் உறை எதுவும் இவ்வளவு பெரிய தளர்ச்சியைச் சுருக்காது. உடற்பயிற்சியால் தசை வளர்ந்தால் கையும் தொடையும் ஓரளவு நிரம்பும். அது நல்லதுதான். ஆனால் மடிந்து தொங்கும் வயிற்றுத் தோலை எந்தப் பயிற்சியும் ஏற்றிவிடாது. அதனால், "நீ ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணல, அதான் தொங்குது" என்று ஒருவரைக் குறை சொல்வது அநியாயம்.

அழகுப் பிரச்சினையா, உடல்நலப் பிரச்சினையா?

இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் முடிவெடுப்பதற்கான முதல் படி.

நம் ஊர் வெப்பத்தில் தோல் மடிப்புக்குள் வியர்வை தேங்குகிறது. காற்றுப் புகாத ஈரத்தில் தோலும் தோலும் உரசிச் சிவந்து, பூஞ்சைக் காளான் பிடிக்கிறது. அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம், சில சமயம் புண். பாவாடை நாடாவோ கால்சட்டைப் பட்டியோ மடிப்பின் மேல் அழுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் புண் ஆறுவது தாமதம், கிருமி தொற்றுவது சுலபம். தோலின் கனத்தால் முதுகு வலிப்பவர்களும், நடக்கவும் சுத்தம் செய்துகொள்ளவும் சிரமப்படுபவர்களும் உண்டு.

இப்படிப்பட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குப் போவது. மடிப்பை நன்றாகக் கழுவி, துடைத்து, ஈரமில்லாமல் காயவைத்து, மருத்துவர் தரும் காளான் எதிர்ப்புக் களிம்பைச் சொன்ன நாள்வரை பூச வேண்டும். மடிப்பைத் தாங்கிப் பிடிக்கும் பருத்தி உள்ளாடையும் உதவும். வியர்வையின் மேல் முகப்பவுடரைக் கொட்டினால் கட்டியாகி உரசல் அதிகமாகும். இவ்வளவு செய்தும் புண் திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வொரு முறையும் அது மருத்துவக் குறிப்பில் பதிவாக வேண்டும். பின்னர் நிபுணரிடம் அனுப்பும்போது அறுவை அவசியம் என்று காட்ட அந்தப் பதிவுகளே ஆதாரம்.

புண்ணும் வலியும் இல்லை, கண்ணாடியைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை என்பவர்களும் உண்டு. அதுவும் சாதாரணக் கவலை அல்ல. கணவன் மனைவி உறவிலும், உடை அணிவதிலும், நாலு பேர் நடுவே போவதிலும் அது தடையாக நிற்கும். ஆனால் அந்தக் காரணத்துக்காகச் செய்யும் அறுவையை மருத்துவமனையும் காப்புறுதி நிறுவனமும் வேறு கண்ணால்தான் பார்க்கும். அதைத் தெரிந்து இறங்க வேண்டும்.

அறுவையில் என்ன செய்கிறார்கள்?

இது புதிதாக வந்த சிகிச்சை அல்ல. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்ட் கெல்லி என்ற மருத்துவர் 1899-லேயே ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ 7.5 கிலோ தோலையும் கொழுப்பையும் அகற்றியதைப் பதிவு செய்திருக்கிறார்.

வயிற்றில் செய்யும் அறுவையில் இரண்டு வகையைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பது. புண், உரசல், கனம் ஆகியவற்றுக்கு இதுவே போதும். மற்றொன்று, மடிப்பை எடுப்பதோடு தளர்ந்த வயிற்றுத் தசையை இழுத்துத் தைத்து, தொப்புளையும் புதிய இடத்தில் அமைப்பது. இதில் தோற்றம் மேம்படும், ஆனால் அறுவை பெரிது. இடுப்பைச் சுற்றி வட்டமாக எடுப்பது, கை, தொடை, மார்பு என்று தனித்தனி அறுவைகளும் உண்டு. பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய மாட்டார்கள். சில மாத இடைவெளி விட்டுக் கட்டம் கட்டமாகச் செய்வார்கள்.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை வேறு, இது வேறு. தொங்குவது தோல் என்றால் கொழுப்பை உறிஞ்சுவதால் தோல் குறையாது. இன்னும் தளர்ந்து போகலாம்.

தழும்பு இல்லாமல் இந்த அறுவை இல்லை. வயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை நீளும் கோடு, கையில் அக்குள் முதல் முழங்கை வரை ஒரு கோடு, இவை ஆயுளுக்கும் இருக்கும். நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு வெள்ளைத் தோலைவிட அதிகம். காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொங்கும் தோலைக் கொடுத்துத் தழும்பை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்று இது. அந்தப் பேரம் தனக்குச் சம்மதமா என்று அவரவரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவசரம் கூடாது

எடை இறங்கிக்கொண்டிருக்கும்போதே தோலை எடுத்தால், மறுபடியும் தொங்கும். திரும்ப ஏறினால் தைத்த இடம் விரியும். அதனால் எடை ஒரே நிலையில் குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் நிற்க வேண்டும் என்பது பொதுவான விதி. இரைப்பை அறுவை செய்தவர்கள் வழக்கமாக ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை காத்திருக்க வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வயிற்று அறுவையை வைத்துக்கொள்வது நல்லது.

உலகம் அறிந்த ஓர் உதாரணம், இங்கிலாந்தின் பால் மேசன். ஒரு காலத்தில் சுமார் 440 கிலோ எடையுடன் உலகின் மிகக் கனமான மனிதர் என்று அழைக்கப்பட்டவர். 2010-இல் இரைப்பை அறுவை செய்து, எடையில் பாதிக்கும் மேல் குறைத்தார். தொங்கிய தோலால் நடக்கவே சிரமப்பட்டார். 2015-இல் நியூயார்க்கின் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையில் பல மணி நேர அறுவையில் ஏறத்தாழ 20 கிலோ தோலை அகற்றினார்கள். அவர் வாழ்க்கை எளிதானது உண்மை. ஆனால் பின்னாளில் மன உளைச்சலால் எடை மறுபடி ஏறியதை அவரே ஊடகங்களிடம் சொன்னார். சாப்பாட்டுக்கும் மனசுக்கும் உள்ள சிக்கலைக் கத்தியால் வெட்டி எடுக்க முடியாது என்பதை அவர் கதை காட்டுகிறது.

அறுவைக்கு முன் உடம்பையும் தயார் செய்ய வேண்டும். இரத்தச் சோகை, இரும்புச் சத்து, பி12 குறைபாடு இருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டும். இனிப்பு நீர் அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும். சிகரெட்டும் வேப்பும் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், தைத்த தோலுக்கு இரத்தம் போகாமல் அது கறுத்து அழுகும் அபாயம் உண்டு.

என்னென்ன ஆபத்து?

சிறு சிக்கல்கள் அடிக்கடி வரும். தோலுக்கடியில் நீர் கட்டுவது, தையல் ஓரம் பிரிவது, கிருமித் தொற்று, இரத்தக் கட்டு, தொட்டால் உணர்ச்சி தெரியாத மரத்த பகுதி ஆகியவை இதில் அடங்கும். பெரிய ஆபத்து, காலில் இரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போய் அடைப்பது. உயிருக்கே ஆபத்தானது. அதனால்தான் அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். உடல் எடை இன்னும் அதிகமாக இருப்பவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல்கள் கூடுதல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறுவை முடிந்த வீட்டில் பெரியவர்கள் பத்தியம் வைப்பார்கள். முட்டை கூடாது, மீன் கூடாது, புண் சீழ் வைக்கும் என்பார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் காயம் ஆறுவதற்கு முதல் தேவையே புரதம். இரைப்பை அறுவை செய்தவர்களுக்கு நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்பது பொது அறிவுரை. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். இரசமும் சோறும் மட்டும் கொடுத்தால் தையல் எப்படி ஒட்டும்? ஒவ்வாமை இல்லாதவர்கள் முட்டை, கோழி, கெம்போங் மீன், பருப்பு, தெம்பே எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஆறு வாரம் வீட்டை யார் பார்ப்பது?

பலர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். உதாரணத்துக்கு, ஈஜோக் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயிற்று அறுவை முடிந்து முதல் வாரம் அவர் நிமிர்ந்து நடக்க முடியாது, கூனித்தான் நடப்பார். நீர் வடியும் குழாய் ஒன்று இரண்டு வாரம் உடம்பில் இருக்கலாம். சுமார் ஆறு வாரம் இறுக்க உள்ளாடை அணிய வேண்டும். அந்த ஆறு வாரமும் கனம் தூக்கக் கூடாது. அரிசி மூட்டை, தண்ணீர் வாளி, எரிவாயு உருளை, இடுப்புக் குழந்தை எல்லாமே கனம்தான். உட்கார்ந்த வேலை என்றால் மூன்று நான்கு வாரத்தில் திரும்பலாம். குலை வெட்டும் வேலையோ சாமான் ஏற்றி இறக்கும் வேலையோ என்றால் இரண்டு மாதம் கூட ஆகும்.

சம்பளம் என்ன ஆகும்? வேலைச் சட்டப்படி ஊழியருக்கு வேலை செய்த வருடத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் நோய் விடுப்பும், மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரையும் உண்டு. இந்த அறுவைக்கு அது எப்படிக் கணக்காகும் என்று முதலாளியிடம் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். சொந்தமாக வண்டி ஓட்டுபவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்?

தனியார் மருத்துவமனையில் இது பல்லாயிரம் வெள்ளி ஆகும் சமாச்சாரம். அழகு நோக்கிலான அறுவையை மருத்துவ அட்டைகள் பொதுவாக ஏற்பதில்லை. 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கு வந்திருக்கிறது. கையில் பணம் தெரிவதால் ஆசை வரும். முதுமைக்கு வைத்த பணம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. வட்டிக்காரரிடம் கடன் வாங்கிச் செய்யும் அளவுக்கு இந்த அறுவைக்கு எந்த அவசரமும் இல்லை.

புண், தொற்று போன்ற உடல்நலக் காரணம் உள்ளவர்கள் அரசாங்க வழியை முதலில் முயல வேண்டும். சுகாதாரக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிப் பதிந்து, அங்கிருந்து கடிதத்துடன் மாவட்ட மருத்துவமனைக்கோ பெரிய மருத்துவமனைக்கோ போகலாம். கோல சிலாங்கூர் வட்டாரத்துக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனை இருக்கிறது. ஒட்டறுவை நிபுணர்கள் கோலாலம்பூர் பொது மருத்துவமனை, மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற இடங்களில் இருக்கிறார்கள். தீக்காயம், விபத்து, புற்றுநோய் நோயாளிகளுக்கு முன்னுரிமை என்பதால் காத்திருக்க நேரலாம். கெசட் விலையில் கிடைக்கும் சிகிச்சைக்குப் பொறுமைதான் கூடுதல் கட்டணம்.

எங்கே போகக் கூடாது என்பது இன்னும் முக்கியம். 2020 அக்டோபரில் கோலாலம்பூர், செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட 23 வயதுப் பெண் உயிரிழந்தார். மலிவு விலை, முகநூல் விளம்பரம், முன்னும் பின்னும் எடுத்த படம் இவற்றை நம்பி உடம்பைக் கொடுக்கக் கூடாது. அறுவை செய்பவர் ஒட்டறுவை நிபுணராகப் பதிவு பெற்றவரா என்பதைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் இணையம் வழி யாரும் பார்க்கலாம். இடம், 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள் சட்டப்படி உரிமம் பெற்றதா என்றும் கேட்கலாம். கேட்டால் கோபப்படும் இடத்தில் படுக்கக் கூடாது.

செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான்

அறுவை செய்துகொண்டவர்களில் பலருக்கு நடமாட்டமும் தன்னம்பிக்கையும் கூடுகின்றன என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதே சமயம், புண்ணும் வலியும் இல்லாமல் தோலோடு சமாதானமாக வாழ்பவர்களும் உண்டு. 45 கிலோவை இறக்கி வைத்த உடம்பு அது. தொங்கும் தோல் அந்த உழைப்பின் அடையாளமே தவிர அவமானம் அல்ல.

இதில் குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு. கல்யாண வீட்டில் எதிர்ப்படும் பெரியம்மா, "என்னம்மா இப்படி வத்திப் போயிட்ட, தோலெல்லாம் தொங்குதே" என்பார். அவர் அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். கேட்டவள் அன்றிரவு தூங்க மாட்டாள். மற்றவர் வாய்க்குப் பயந்து கத்தியின் கீழ் போகிறவர்கள் பிறகு வருந்துகிறார்கள். தனக்காகப் போகிறவர்களே தழும்பையும் ஏற்றுக்கொள்கிறார்கள். கண்ணாடியில் இன்னும் பழைய பருமனான உருவமே தெரிகிறது, எதைச் செய்தாலும் திருப்தி வராது என்ற நிலையில் இருப்பவர்கள், அறுவை நிபுணருக்கு முன் மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

முடிவெடுக்குமுன் ஒரு தாளில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். எடை ஆறு மாதமாக ஒரே நிலையில் நிற்கிறதா? தோலால் உடம்புக்குத் தொல்லையா, மனசுக்கு மட்டும்தானா? தழும்போடு வாழச் சம்மதமா? ஆறு வாரம் வீட்டையும் வருமானத்தையும் யார் தாங்குவார்? யார் சொல்லி இதைச் செய்கிறேன்? இந்தத் தாளைக் கணவனிடமோ மனைவியிடமோ காட்டிப் பேசிவிட்டு, அதையே கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கப் போங்கள். ஒரு பதில் தெளிவாக இல்லையென்றால் இன்னும் சில மாதம் பொறுப்பதில் நட்டம் ஏதுமில்லை. வெட்டிய தோலைத் திரும்ப ஒட்ட முடியாது, வெட்டாத தோலை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.